கானா ஊர் ஜாடிகள்

லோயிஸ் ப்ராட்டன் மீட்டரைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. என்ன எண் வரும் என்று தெரியும். மூன்று. மிஞ்சிப்போனால் மூன்றரை.

ஒவ்வொரு அக்டோபரிலும் நடத்துகிற பாடம்தான். ஒரு குவளையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மீட்டரின் கண்ணாடிக் கம்பியை அதில் முக்கினால் பிஹெச் ஒன்று என்று காட்டும். ஒரு பங்கு அமிலத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றினால் இரண்டு. மறுபடி அதேபோல ஊற்றினால் மூன்று. எண் ஒவ்வொரு படியாக ஏறும், புளிப்பு ஒவ்வொரு படியாக இறங்கும். அடுத்தது வினிகர். இரண்டு புள்ளி நான்கு. அதற்கும் ஒன்பது பங்கு தண்ணீர். பிள்ளைகள் மூன்று புள்ளி நான்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். மீட்டர் இரண்டு புள்ளி ஒன்பதில் நின்றுவிடும். அரைப் படிதான். வினிகர் ஒரு சோம்பேறி அமிலம், அதில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஊற்ற ஊற்றத் தூங்குவதெல்லாம் எழுந்து வந்து கணக்கைச் சரிக்கட்டும் என்று லோயிஸ் சொல்வாள். அந்த இடத்தில் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிடத்துக்காகவே அவள் வேலைக்கு வருகிறாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த வருடம் அதற்கு மேல் ஒரு சங்கதி வைத்திருந்தாள். சர்ச்சின் சரக்கறையிலிருந்து ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாய். ஆகஸ்டில் சர்ச் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட்டது. மூடியில் பேனாவால் ‘கானா’ என்று எழுதியிருந்தது. போர்டில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் நான்கு புள்ளி ஆறு என்று எழுதினாள். “இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா ஊறுகாய். மேல போனா விஷம். காத்துப் புகாத ஜாடிக்குள்ள புளிப்பு பத்தலைன்னா போட்டுலிசம் கிருமி வளரும். வாசனையும் இருக்காது, ருசியும் மாறாது. சாப்பிட்டவனுக்கு நரம்பு ஒவ்வொண்ணா படுத்துடும்” என்றாள். “இந்த ஜாடிக்கு நாங்க எக்கச்சக்கமா தண்ணி ஊத்தினோம். அப்பவும் இது கோட்டுக்கு எவ்வளவு கீழ இருக்குன்னு பாருங்க. டேனிகா, எண்ணை வாசிம்மா.”

முன் பெஞ்சு டேனிகா குனிந்து பார்த்தாள். வாசிக்கவில்லை. மறுபடி பார்த்தாள்.

“அஞ்சு புள்ளி ஒண்ணு, மிஸஸ் ப்ராட்டன்.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பார்த்தேன். ஆடாம நிக்குது.”

லோயிஸ் திரும்பினாள். ஐந்து புள்ளி ஒன்று. அவள் கிழித்த கோடு பின்னாலிருந்து முதுகைக் குத்துவது போல இருந்தது. வகுப்பு முழுக்க அந்தக் கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு நொடி போதும், உண்மையைச் சொல்ல. அந்த நொடியில் அவள் வாய் வேறொன்றைச் சொன்னது.

“கம்பி அழுக்கா இருக்கு. இது கணக்குல சேராது.”

“ரீடிங்கை எழுதணுமா, வேண்டாமா?”

“வேண்டாம்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்ப அந்த அட்டையைக் கழட்டிடலாமா, மிஸஸ் ப்ராட்டன்?”

போர்டுக்கு மேலே அவளே ஒட்டி வைத்த அட்டை. ‘பார்த்ததை எழுது. பிடித்ததை எழுதாதே.’ வகுப்பு சிரித்தது. லோயிஸும் சிரித்து வைத்தாள். கன்னத்தில் சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டேனிகா மட்டும் போகிற போக்கில் அந்த ஜாடியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

*

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீட்டரைச் சோதிக்கவென்றே இரண்டு பாட்டில்கள் இருக்கும். ஒன்றின் பிஹெச் நான்கு, மற்றதன் பிஹெச் ஏழு. உண்மை என்னவென்று முன்கூட்டியே தெரிந்த பாட்டில்கள். கம்பியைக் கழுவித் துடைத்து முதலாவதில் விட்டாள். நான்கு. இரண்டாவதில் ஏழு. மீட்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒரு துண்டு பீட்ரூட்டை எடுத்து உரலில் மசித்து, அதில் கம்பியைச் செருகினாள். ஐந்து புள்ளி இரண்டு.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆகஸ்டின் அந்த மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது.

சர்ச்சின் அடித்தளச் சமையலறை. அடுப்பு எல்லாவற்றிலும் பானை. யாரோ ஒரு விவசாயி பிக்கப் வண்டி நிறைய பீட்ரூட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார். வேகவைத்து, தோலுரித்து, நறுக்கியும் ஆகிவிட்டது. பாதி ஜாடிகள் நிறைந்தபோது வினிகர் தீரும் நிலைக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம், ரெட் ரிவர் பள்ளத்தாக்கு முழுக்க ஊறுகாய் போடுகிற காலம். ஊரிலிருந்த ஒரே கடையில் வினிகர் அலமாரி துடைத்துவிட்ட மாதிரி காலி. அடுத்த டவுனுக்குப் போய் வருவதற்குள் வெட்டிய பீட்ரூட் வீணாகிவிடும். பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போதுதான் லோயிஸ் கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்து மீட்டரை எடுத்தாள்.

மிச்சமிருந்த வினிகரில் தண்ணீரை ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் கம்பியை முக்கி எண்ணை உரக்க வாசித்தாள். இரண்டரை. இரண்டே முக்கால். இரண்டு புள்ளி ஒன்பது. “பாருங்க, அசையவே மாட்டேங்குது. நாலு புள்ளி ஆறு வரைக்கும் நமக்கு இடம் இருக்கு” என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். காபி குடிக்க இறங்கி வந்த பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, “கானா ஊர்க் கல்யாணத்துல இயேசு கையால தண்ணி திராட்சரசமாச்சு. நம்ம ஊர்ல லோயிஸ் கையால வினிகராகுது” என்றார். அடுப்படியே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பகுதி ஜாடிகளுக்கெல்லாம் மூடியில் ‘கானா’ என்று எழுதினார்கள். அன்று இரவு அந்தப் பேரை நினைத்து நினைத்து, படுக்கையில் தனியாகச் சிரித்தவள் அவள்தான்.

மீட்டர் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. எவ்வளவு அமிலம் விழித்திருக்கிறது என்று கேட்டாள், அது சொன்னது. கையிருப்பு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற தூங்கியதெல்லாம் எழுந்து வந்துவிட்டது. பின்னால் நிற்க ஆளில்லை. ஜாடிக்குள் போனதும் பீட்ரூட் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் புளிப்பைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. ஜாடியை மூடி சில நாள் விட்டு, பிறகு திறந்து பார்த்திருக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா என்ன. ஏப்ரலில் இரண்டு வாரம் இதைத்தான் நடத்துகிறாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்கு சர்ச்சில் வெர்னா கிழவியின் அடக்கம். அதற்காக இந்த வகுப்புக்குப் பிறகு மத்தியானம் வரை லீவு வாங்கியிருந்தாள். ஆராதனை முடிந்ததும் அடித்தளத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், காபி, தட்டு தட்டாக இனிப்பு. நடுவில் கண்ணாடிக் கிண்ணத்தில் பீட்ரூட். இந்த ஊரில் யார் செத்தாலும் அந்தச் சிவப்புக் கிண்ணம் மேஜைக்கு வரும்.

*

சர்ச் சரக்கறையில் யாரும் இல்லை. அதுவரை நல்லது என்று நினைத்துக்கொண்டாள். மூடியில் ‘கானா’ இருந்த ஜாடிகளை மட்டும் பொறுக்கி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின் வழியாகக் காருக்குப் போய் டிக்கியில் வைத்தாள். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், நல்ல வினிகரில் போட்ட ஜாடிகள் மேஜைக்குப் போகும். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பீட்ரூட் வெந்துதானே ஜாடிக்குள் போனது, இத்தனை ஜாடியில் ஒன்றிலாவது அந்தக் கிருமி இருக்க வேண்டுமென்று சட்டமா, ஊருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மனது விடாமல் வாதாடியது. வாதம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது பெட்டியைத் தூக்கியபோது வாசலை மறித்துக்கொண்டு ஆர்டிஸ் நின்றாள்.

சமையலறைக்கு ஆர்டிஸ்தான் ராணி. எழுபதைத் தாண்டியும் ஏப்ரனைக் கழற்றுவதில்லை. ஒரு கையில் வெண்ணெய்க் கத்தி.

“என்னடி இது, திருடறதுன்னு முடிவு பண்ணிட்டா ஹாமைத் திருடக்கூடாதா? பீட்ரூட்டையா?”

“இல்ல ஆர்டிஸ். இதுல சிலது சரியில்ல.”

“என்ன சரியில்ல?”

“மூடி” என்றாள் லோயிஸ். “சரியா இறுகல போல.”

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மூடி போட்டது ஆர்டிஸ். வேறு யாரையும் விடவில்லை.

ஆர்டிஸ் கத்தியைச் சரக்கறை அலமாரியில் வைத்தாள். கிண்டல் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. வலது கையை எடுத்து இடது கையால் மூடிக்கொண்டாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

“நெனச்சேன்” என்றாள். “வசந்தத்துல இருந்தே பிடி நிக்கல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா மூடி போடற வேலையைப் பிடுங்கிடுவீங்க. ஒவ்வொண்ணையும் துணி வெச்சுத் திருகினேன் லோயிஸ். நல்லாத்தான் திருகினேன்னு நெனச்சேன்.”

லோயிஸ் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். இல்லை, உங்கள் கை இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்த வீங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் எவ்வளவு வசதியாக வந்து பொருந்திவிட்டது.

“அப்ப எடுத்துட்டுப் போனவங்களுக்கெல்லாம் நான் போன் போடணும்” என்றாள் ஆர்டிஸ். “ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேனே. அய்யய்யோ, ஆர்விலுக்கும் கொடுத்தேன். நேத்து சாயந்திரம் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் சமைச்சுக் கொண்டுபோனப்ப ரெண்டு ஜாடி வெச்சுட்டு வந்தேன். பாவம், அந்த மனுஷன் வேற எதையும் தொடல. பீட்ரூட்டை மட்டும் ஜாடியிலேயே முள்கரண்டியை விட்டுச் சாப்பிட்டுட்டிருந்தார்.”

ஆர்வில். வெர்னாவின் கணவர்.  லோயிஸ் பெட்டியை அலமாரியின் விளிம்பில் வைத்தாள்.

“மூடி இல்ல ஆர்டிஸ்.”

“என்னது?”

“மூடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான். தண்ணி அதிகமாயிடுச்சு. இன்னைக்கு வகுப்புல அளந்து பார்த்தேன். கோட்டுக்கு மேல இருக்கு.”

“அன்னைக்கு மீட்டர் வெச்சுப் பார்த்தியே.”

“ஜாடியில ஊத்தறதுக்கு முன்னாடி பார்த்தேன். அப்புறமாப் பார்த்திருக்கணும். பீட்ரூட் புளிப்பைக் குடிச்சிடும்.”

“அது உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

இந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து தனக்குள்ளேயே கேட்காமல் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“தெரியும். அந்த நேரத்துல தோணல. எல்லாரும் கைதட்டிட்டிருந்தீங்க.”

ஆர்டிஸ் பெட்டியிலிருந்த மூடிகளைப் பார்த்தாள். பிறகு, “ம்” என்றாள். “அது ஒரு மாதிரிதான்.”

அந்த ஊரில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அதைவிடக் கடுமையாக எதுவும் சொல்வதில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆர்டிஸ் கத்தியை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள். “நீ ஆர்விலைப் போய்ப் பாரு. மத்த வீட்டுக்கு நான் சொல்லிக்கறேன். பாஸ்டர்கிட்டயும் சொல்லி ஆராதனைக்கு முன்னாடி அறிவிக்கச் சொல்றேன்.”

“என்னன்னு சொல்வீங்க?”

“மூடின்னு சொல்லிக்கறேன். சாவுக்கு வந்த இடத்துல கெமிஸ்ட்ரியா பேச முடியும்? வயசானவ கை. யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க. நீ நாளைக்கும் பிள்ளைங்க முன்னாடி போய் நிக்கணும்ல.”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. படியேறி வெளியே போனாள்.

*

ஆர்வில் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கட்டாத டை. முன்னால் ஒரு ஜாடி காலி. இன்னொன்றில் பாதி. முள்கரண்டி அதற்குள்ளேயே நின்றது. பிள்ளைகள் இல்லாத வீடு. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நன்றாகக் கேட்டது.

“வா லோயிஸ். காபி போடவா? எப்படிப் போடறதுன்னு தெரியாது, ஆனா போடவா?”

“ஆர்வில், இதுல எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“அதை ராத்திரி முடிச்சேன். இதைக் காலையில ஆரம்பிச்சேன். உனக்கு வேணுமா?”

அவள் முள்கரண்டியை வெளியே எடுத்து, ஜாடியை மூடி, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்வில் காது சரியாகக் கேட்காதவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் சொல்லி முடித்ததும் சுவரில் மாட்டியிருந்த போனைக் காட்டினார்.

விஷ முறிவு உதவி எண்ணில் ஒரு நர்ஸ் பேசினாள். வயது, எடை, எப்போது சாப்பிட்டார், எவ்வளவு. ஒவ்வொன்றையும் ஆர்விலிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

“கடையில வாங்கினதா, வீட்டுல போட்டதா?” என்றாள் நர்ஸ்.

“சர்ச்சுல போட்டது.”

“யார் போட்டாங்க? செய்முறையைப் பத்தி அவங்ககிட்ட பேசணும்.”

ஆர்வில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றாள் லோயிஸ். “நான் கெமிஸ்ட்ரி டீச்சர்.” இரண்டாவது வாக்கியம் ஏன் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. மறுமுனையில் கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அரை நாளிலும் தெரியலாம், சில நாள் கழித்தும் தெரியலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்றாள் நர்ஸ். முதலில் கண். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும். பிறகு நாக்கு குழறும், விழுங்க முடியாது, அதற்குப் பிறகு மூச்சு. மிச்ச ஜாடியைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு, அவரை இப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னாள். லோயிஸ் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

“வெர்னாவைப் புதைச்சிட்டு வர்றேன்னு சொல்லு” என்றார் ஆர்வில்.

“ஆர்வில், இது விளையாட்டு இல்ல.”

“நானும் விளையாடல.”

நர்ஸுக்கு அது கேட்டிருக்க வேண்டும். பெருமூச்சு விட்டாள். “அப்ப பக்கத்துலயே இருங்க. கண்ணை எடுக்காதீங்க. ரெட்டையாத் தெரியுதான்னு கேட்டுட்டே இருங்க. கொஞ்சம் வித்தியாசம்னாலும் யாரோட சாவா இருந்தாலும் பாதியில எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க.”

போனை வைத்தாள். ஆர்வில் கேட்டார்: “எனக்கு ஒண்ணும் ஆகாதுதானே?”

“பெரும்பாலும் ஆகாது.”

“பெரும்பாலும்” என்று அவர் அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தார். “டாக்டரும் வெர்னாவுக்கு அதான் சொன்னார். பரவால்ல, நீ உக்காரு. இல்ல, உக்கார வேண்டாம். இந்த டையைக் கட்டிவிடறியா? எனக்கு வராது. அவதான் கட்டுவா.”

லோயிஸ் அவர் முன்னால் குனிந்தாள். மூச்சில் கிராம்பும் வினிகரும் மணந்தன. முடிச்சுப் போடுகிற சாக்கில் அவர் இமைகளைப் பார்த்தாள். இரண்டும் கனத்து, சிவந்து, பாதிக் கண்ணை மூடியிருந்தன. மூன்று ராத்திரி தூங்காத, அழுது தீர்த்த ஒரு கிழவரின் இமை. அது வேறு காரணத்தால் தொங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மை தெரிந்த பாட்டில் எதுவும் இங்கே இல்லை. முடிச்சு கோணலாக விழுந்தது. அவிழ்த்து மறுபடி போட்டாள். அவர் குழந்தை மாதிரி மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்பட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

*

முதல் வரிசை குடும்பத்துக்கானது. அதில் ஆர்வில் ஒருவர்தான். அவரை ஒட்டி லோயிஸ் உட்கார்ந்ததும் பின்னால் ஆடைகள் சரசரத்தன. இவள் எதற்கு அங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே முதுகில் உட்கார்ந்திருப்பார்கள்.

பாஸ்டர் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். “ஆராதனைக்கு முன்னாடி சமையலறையிலிருந்து ஒரு சின்ன அறிவிப்பு. வீட்டுல கானா ஜாடி வெச்சிருக்கறவங்க யாரும் அதைத் திறக்க வேண்டாம். திறந்து சாப்பிட்டிருந்தா ஆராதனை முடிஞ்சதும் ஆர்டிஸைப் பாருங்க. மூடி சரியா இறுகலையாம். ஆர்டிஸ் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க.” பிறகு ஒரு புன்னகை. “நம்ம எல்லாருக்கும் கை தளர்ற காலம் வரும்.”

பின்னால் யாரோ அனுதாபமாக நாக்கைத் தட்டினார்கள். லோயிஸ் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், அடித்தளப் படியின் வாசலில், ஆர்டிஸ் ஏப்ரனோடு நின்றிருந்தாள். இரண்டு கைகளும் ஏப்ரனுக்கு அடியில்.

எழுந்திருக்க வேண்டும் என்று லோயிஸ் முடிவெடுக்கவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

“மூடி நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். “ஆர்டிஸ் கையில எந்தக் குறையும் இல்ல. தண்ணி ஊத்தினது நான். அளந்ததும் நான். தப்பா அளந்தேன்.”

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அத்தனை முகங்கள் அவளைப் பார்த்தன, அவளுக்குப் பழக்கமான மாதிரி. “வினிகர் வந்து பலவீனமான அமிலம். அதை நீர்க்க வெச்சா பிஹெச் கொஞ்சம்தான் மாறும். ஆனா மொத்த அமிலம் குறைஞ்சுடும், அதனால பீட்ரூட்ல இருக்கற…” கை தானாக உயர்ந்து காற்றில் ஒரு கோடு கிழித்தது. அப்போதுதான் தன் குரலைக் கேட்டாள். தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு, கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல். முன்னால் வெர்னாவின் சவப்பெட்டி. அதன் மேல் வெள்ளைத் துணி. ஒரு பிணத்தின் முன்னால் நின்று, தான் எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தப்பு செய்தாள் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

கையை இறக்கினாள். யாரோ இருமினார்கள். பாஸ்டர் பொறுமையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படி வாசலைப் பார்த்தாள். ஆர்டிஸ் அங்கே இல்லை. கீழே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. லோயிஸ் உட்கார்ந்தாள். பெஞ்சு அவளுக்கு மட்டும் தாழ்ந்துபோன மாதிரி இருந்தது.

ஆர்கன் ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து பாடினார்கள். ஆர்வில் எழவில்லை, அவளும் எழவில்லை. பாட்டுக்கு நடுவே அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

“வெர்னாவுக்கு பீட்ரூட்டே ஆகாது தெரியுமா” என்றார் மெதுவாக. “வீட்டுல மேஜை மேல வெக்க விட மாட்டா. விரிப்புல கறை ஆகும்னு சத்தம் போடுவா. நேத்து ராத்திரி யாரும் சத்தம் போடல. அதான் முழு ஜாடியும்.”

வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கின. அழுகையா, நாக்கா? லோயிஸ் அவர் முகத்தை நெருங்கிப் பார்த்தாள். இமை நனைந்து, முன்பைவிடக் கீழே இறங்கியிருப்பது போலவும் இருந்தது, அப்படியே இருப்பது போலவும் இருந்தது.

“ஆர்வில், பீடத்தைப் பாருங்க” என்றாள் அவர் காதில். “மெழுகுவத்தி எத்தனை தெரியுது?”

அவர் நிமிர்ந்தார். பீடத்தின் இரண்டு ஓரத்திலும் உயரமான பித்தளைத் தண்டுகள். அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு விரித்தார். உதடு அசைந்தது, ஒவ்வொன்றாக எண்ணுகிறவரைப் போல விரல் ஒன்று முழங்காலின் மேல் தட்டியது. பாட்டு ஏறிக்கொண்டே போனது. சரியான எண்ணை ஒரு தரம் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று லோயிஸும் பீடத்தின் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. சுடர்கள் பிளந்து, நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, மறுபடி பிளந்தன. துடைத்துவிட்டுப் பார்த்தாள், மறுபடி நிறைந்தது. பக்கத்தில் அவருடைய விரல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.